நாற்பத்தெட்டுக் கிலோ சிசு

பிள்ளை பெற்ற நாலாம் நாள் காலையில், தனக்கு வயது இருபத்தாறு இல்லை, நாலு நாள்தான் என்று பேபிக்குத் தெரியவந்தது.

அதைத் தெரிவித்தது ஓர் இளநீல அட்டை. மேலே இந்தியக் கொடியும் இத்தாலியக் கொடியும் ஒன்றன்மேல் ஒன்று சாய்ந்துகொண்டிருந்தன. கீழே தட்டச்சில் நாலு வரி. 'சிசுவின் பெயர்: பேபி. பிறந்த இடம்: கொரட்டூர் ஏரிக்கரை. எடை: 48 கிலோ. நிலை: நலம்.'

எட்டாவது வரை படித்தவள் என்பதால் இரண்டு தடவை படித்துப் பார்த்தாள். பழைய வேட்டித் துணியில் சுற்றி அவள் கையில் கிடந்த பெண் குழந்தை ஒரு கிலோ அறுநூறு. எட்டாம் மாதத்திலேயே வந்துவிட்டது. அதன் அழுகை பக்கத்துக் கட்டிலுக்குக்கூடக் கேட்காது. அந்தக் குழந்தையைப் பற்றி அட்டையில் ஒரு சொல்லும் இல்லை.

பேபி என்பது அவளுடைய அப்பா முனியன் வைத்த பெயர். ஐந்தாவதும் பெண்ணாகப் பிறந்ததில் அவரிடம் பெயர் தீர்ந்துபோயிற்று. பள்ளிக்கூடத்திலும் ரேஷன் கார்டிலும், எஸ்டேட் என்கிற தொழிற்பேட்டையில் அவள் வாஷர் வெட்டும் ரப்பர் கம்பெனியின் வருகைப் பதிவிலும் அந்தப் பெயரால் ஒரு தொல்லையும் வந்ததில்லை. கொரட்டூரிலேயே ஏழெட்டு பேபிகள் இருந்தார்கள். அவர்களில் இரண்டு பேருக்குப் பேரன் பேத்தி உண்டு. ஆனால் அவர்கள் யாரும் ஆராய்ச்சிக்கு நடுவில் பிள்ளை பெறவில்லை.

ஆராய்ச்சி அந்த எண்பத்தொன்பதாம் வருஷம் மே மாதம்தான் ஊருக்கு வந்திருந்தது. பிரசவ விடுதிக்குப் பின்னால், முன்பு லாரி நிறுத்திய இடத்தில், மஞ்சள் கட்டடம் ஒன்று எழும்பி, 'இந்திய-இத்தாலிய முத்துறை ஆய்வு நடுவம்' என்று பலகை மாட்டிக்கொண்டது. முத்துறை என்பது சமூகப் புவியியல், சிசு மருத்துவம், நகரப் பொறியியல். இத்தாலியில் ஏதோ ஒரு பல்கலைக்கழகத்தில் இந்த மூன்று துறைகளும் ஒரே மாடியில் இருக்கின்றனவாம். ஒரே இடத்தில் காபி குடிக்க வந்தவர்கள் பேசிப் பேசிப் போட்ட திட்டம் என்று ஊரில் சொல்லிக்கொண்டார்கள்.

நடுவத்தின் இயக்குநர் பேராசிரியர் கலியமூர்த்தி. இந்த மூன்று துறைகளில் அவருடையது எது என்று கடைசி வரை யாருக்கும் தெரியவில்லை. திறப்பு விழாவில் அவர் இப்படிப் பேசினார்:

"ஒரு குழந்தை எங்கே பிறக்கிறது? ஓர் இடத்தில். ஆகவே புவியியல். எப்படிப் பிறக்கிறது? சிரமப்பட்டு. ஆகவே மருத்துவம். பிறந்தபின் எதன்மேல் நடக்கிறது? சாலையின்மேல். ஆகவே பொறியியல். இவ்வளவு எளிய விஷயத்தை இத்தனை காலம் நாம் சேர்த்துப் பார்க்காமல் இருந்ததற்குக் காரணம், சேர்த்துப் பார்ப்பதற்கு ஒரு கட்டடம் இல்லை. இப்போது இருக்கிறது."

படிவம் இத்தாலிய மொழியில் பிறந்து ஆங்கிலம் வழியாகத் தமிழுக்கு வந்து சேர்வதற்குள் அறுபத்திரண்டு கேள்விகளாகியிருந்தது. மொழிபெயர்த்தவர், பேபி என்பது மருத்துவக் கலைச்சொல்லாக இருக்கலாம் என்று பயந்து அதை மட்டும் அப்படியே விட்டுவிட்டார். பிரசவமான மறுநாள் கட்டிலருகே வந்த பெண், தலை நிமிராமல், "பேபி பேரு?" என்று கேட்டாள்.

"பேபி."

"பேபியோட அம்மா பேரு?"

"கண்ணம்மா. செத்து ஆறு வருசம் ஆவுது."

"அது கேக்கலை. அப்பா?"

"முனியன்."

எடையைக் கட்டிலில் தொங்கிய தாள் பார்த்துக் குறித்துக்கொண்டாள். அது தாயின் எடைத் தாள். அறுபத்திரண்டு கேள்வியும் முடிந்ததும் நன்றி சொல்லிவிட்டுப் போனாள். அவ்வளவுதான் நடந்தது.

அந்த அட்டையை எடுத்துக்கொண்டு பேபியும் அவள் புருஷன் வேம்புலியும் நடுவத்தின் பதிவுப் பிரிவுக்குப் போனதற்குக் காரணம் கோபம் இல்லை, அவசரம். பிரசவ விடுதி நர்ஸ் ஞானம்மாள் அன்று காலை குழந்தையின் பாதத்தைத் தொட்டுப் பார்த்துவிட்டு, "உடம்பு சூடு நிக்க மாட்டேங்குது பேபி. பின்னாடி கட்டடத்துல மூணு கண்ணாடிப் பெட்டி இருக்கு, இதுக்குன்னே வந்தது. இன்னைக்கே கொண்டுபோய் வையி" என்று சொல்லியிருந்தாள்.

பதிவுப் பிரிவில் வசந்தகுமாரி இருந்தாள். கெட்டவள் இல்லை. எதையும் எழுத்தில் பார்த்தால் நம்புகிறவள், அவ்வளவுதான். அட்டையை வாங்கிப் பெரிய பேரேட்டோடு ஒத்துப் பார்த்தாள்.

"கண்ணாடிப் பெட்டி ரெண்டு கிலோவுக்குக் கீழே இருக்கிற சிசுக்களுக்கு மட்டும்தான்மா. இந்தச் சிசு நாற்பத்தெட்டு."

"அது நானுங்க."

"யாரு?"

"பேபி. நாந்தான் பேபி. இது என் கொழந்த."

வசந்தகுமாரி பேரேட்டை மறுபடியும் பார்த்தாள். "பேபிக்குக் குழந்தை இருக்க முடியாதும்மா. அதுக்குக் கட்டமே இல்லை."

வேம்புலி முன்னால் வந்தான். எஸ்டேட்டில் லேத்துப் பட்டறையில் வேலை செய்கிறவன். ஒரு மயிரிழை பிசகினால் முழு உருப்படியும் வீண் என்று பழகியவன். "தப்பா எழுதிக்கினு கீறாங்க மேடம். பேரு மாறிப்பூட்ச்சு. ஒரு கோடு போட்டு மாத்தினா முடிஞ்சிது."

"நீங்க யாரு?"

"கொழந்தையோட அப்பன்."

"தகப்பனார் பெயர் முனியன்னு இருக்கே."

"அது என் மாமனாரு. நான் பேபியோட ஊட்டுக்காரன்."

வசந்தகுமாரி பேனாவைக் கீழே வைத்தாள். முகம் மாறிவிட்டது. "நாலு நாள் சிசுவுக்குப் புருஷனா? இதை நான் எழுதினா போலீஸ் வரும். பேசாம போயிடுங்க."

அவள் பின்னால், கண்ணாடிக் கதவுக்கு அந்தப் பக்கம், மூன்று பெட்டிகளும் தெரிந்தன. ஆயுத பூஜைக்குப் போட்ட சாமந்தி மாலை காய்ந்து தொங்கியது. நடுப் பெட்டியில் மட்டும் சிவப்பு விளக்கு எரிந்தது. உள்ளே மூடி போட்ட எவர்சில்வர் கிண்ணம் ஒன்று இருந்தது.

"அது இன்னாங்க உள்ள?" என்றாள் பேபி.

"சூடு சரியா நிக்குதான்னு தினமும் பார்க்கணும்னு உத்தரவு. சும்மா எரியவிட்டா எப்படித் தெரியும்? பால் உறை ஊத்தி வைப்போம். கல்லு மாதிரி உறையுது" என்றாள் வசந்தகுமாரி. முதன்முறையாகச் சிரித்தாள்.

மறுநாள் ஞானம்மாள் கொடுத்த சீட்டை வாங்கிக்கொண்டு பட்டணத்துப் பெரிய ஆஸ்பத்திரிக்கு ரயிலேறினார்கள். அங்கே ஒரு பெட்டிக்கு இரண்டு குழந்தை படுத்திருந்தது. டாக்டர் பாவம், தூங்கி எத்தனை நாளாயிற்றோ, கண் சிவந்திருந்தது. சீட்டில் ஊர்ப் பெயரைப் பார்த்ததும், "கொரட்டூரா? உங்களுக்குத்தான் இத்தாலிக்காரனே வந்து பெட்டி வெச்சிருக்கானே! அங்க இடம் காலியா இருக்கும்போது இங்க ஏன்மா தூக்கிட்டு அலையறீங்க?" என்று கேட்டார். சீட்டைத் திருப்பிக் கொடுத்துவிட்டார். அடுத்த ரயிலில் திரும்பி வந்தார்கள்.

வழியெல்லாம் பேபி குழந்தையின் மூக்குக்குக் கீழே விரலை வைத்துக்கொண்டே வந்தாள். மூச்சு பட்டால் எடுப்பாள். எடுத்த மறுகணமே சந்தேகம் வந்துவிடும், மறுபடி வைப்பாள்.

வழி சொன்னது ஞானம்மாள்தான். "துணியில சுத்தாத. உன் ஜாக்கெட்டுக்குள்ள, வெறும் மார்மேல வெச்சிக்கோ. தலையில தொப்பி, மேலே உன் சேலை. கீழ படுக்க வெக்கவே கூடாது. ராப்பகல் நீதான் பெட்டி."

அது மார்கழி. ஏரிக்காற்று ஊசி மாதிரி ஓட்டுக்கூரையின் இடுக்கு வழியாக இறங்கும். பேபி குழந்தையை மார்பில் கட்டிக்கொண்டு நடந்தாள். உட்கார்ந்தால் தூக்கம் வரும், தூங்கினால் பிடி நழுவும் என்று பயம். அந்தப் பத்தடி அறையில் சுவரிலிருந்து கதவுக்கு, கதவிலிருந்து அடுப்புக்கு. அவளால் முடியாதபோது வேம்புலி சட்டையைக் கழற்றிவிட்டு வாங்கிக்கொண்டான். லேத்துக்காரன் மார்பில் அந்தச் சின்ன உயிர் காதை வைத்துக்கொண்டு கிடந்தது. பட்டறைக்கு லீவு சொல்லி அனுப்பினான். காரணம் கேட்டு ஆள் வந்தபோது, "அடைகாக்குறேன்னு சொல்லு போ" என்றான்.

வேம்புலியின் அக்கா அங்கம்மா இரண்டு தெரு தள்ளி இருந்தாள். சோறு கொண்டுவந்து வைத்துவிட்டு, பேபி நடப்பதைப் பார்த்துத் தலையில் அடித்துக்கொள்வாள். "தா, ஒரு எடத்துல குந்தேன். உன்னைப் பாத்தா எனக்கே கால் வலிக்குது."

"குந்தினா பயமா கீது அக்கா."

ஒன்பதாம் நாள் காலையில் சமூகப் புவியியல் வந்தது. கண்ணாடி போட்ட இரண்டு பேர், கையில் கொரட்டூர் வரைபடம்.

"பேபி இருக்காங்களா?"

"நாந்தான்."

வயதைப் பார்த்து அவர்கள் சந்தேகப்படுவார்கள் என்று அவளுக்கு ஒரு நிமிஷம் நம்பிக்கை வந்தது. அவர்கள் அவள் முகத்தைப் பார்க்கவில்லை. பட்டியலில் பெயர் இருந்தது, கூப்பிட்டால் பதில் வந்தது, அது போதும்.

"பேபி ஒரு நாளைக்கு எங்கெல்லாம் போவாங்க?"

"இப்ப எங்கயும் போறதில்ல. முன்ன அடிபம்புக்குப் போவேன், ஆறு கொடம். அப்புறம் ரேஷன் கடை. எட்டு மணிக்கு எஸ்டேட்டுக்கு நடந்துபோவேன்."

வரைபடத்தில் சிவப்புப் பென்சிலால் கோடு போட்டார்கள். பம்பு, ரேஷன் கடை, ரயில்வே கேட், எஸ்டேட். நூலால் அளந்தார்கள். ஒருவன் மற்றவனிடம், "ஒன்பது நாள்ல பதினோரு கிலோமீட்டர் வட்டம்! நம்ம ஊர் சிசுக்களோட நடமாட்டம் ஐரோப்பாவை விட எவ்வளவோ முன்னாடி இருக்கு" என்றான். குரலில் நாட்டுப்பற்று.

பேபி சேலையை விலக்கிக் குழந்தையின் தலையைக் காட்டினாள். "அண்ணே, ஆராய்ச்சி பண்ற கொழந்த இதான். இத்தப் பாருங்க. சூடு பத்தல இதுக்கு."

அவன் எட்டிப் பார்த்தான். நல்ல பிள்ளைதான், முகத்தில் இரக்கம் தெரிந்தது. "அழகா இருக்கு. ஆனா எங்க மாதிரிப் பட்டியல்ல இது வரலம்மா" என்றான்.

பதினைந்தாம் நாள் நகரப் பொறியியல் வந்தது. நாலு பேர் மாட்டுவண்டியிலிருந்து ஓர் இரும்புச் சட்டத்தை இறக்கினார்கள். ஆறடி நீளம், மூன்றடி அகலம், நாலு மூலையிலும் சங்கிலி.

"இன்னா இது?" என்றான் வேம்புலி.

"தொட்டில். சிசுவோட எடைக்கு ஏத்த மாதிரி கணக்குப் பண்ணிச் செஞ்சது. சாதாரணத் தொட்டில் நாற்பத்தெட்டுக் கிலோ தாங்குமா? சிமெண்டு மூட்டை வெச்சு ஆட்டிப் பாத்தாச்சு. எங்க மாட்டறது?"

வேம்புலி கூரையைக் காட்டினான். நாலு பேரும் அண்ணாந்து பார்த்தார்கள். அந்தப் பனங்கட்டையில் இதை மாட்டினால் வீடு தொட்டிலுக்குள் வந்துவிடும் என்பது பொறியியல் படிக்காமலே தெரிந்தது. கடைசியில் முற்றத்தில் இறக்கிவிட்டு, பேபி அதில் ஒரு தடவை படுத்து எழுந்ததாகக் கையெழுத்து வாங்கிக்கொண்டு போனார்கள். வேம்புலி வெல்டிங்கைத் தடவிப் பார்த்தான். நல்ல வேலை. அங்கம்மா அதில் தண்ணீர்க் குடங்களை வரிசையாக வைத்தாள்.

இருபதாம் நாள் மதியம், பேபி நடந்துகொண்டிருந்தபோது, மார்பில் ஏதோ குறைந்தது போலிருந்தது. பாரம் அப்படியேதான் இருந்தது, அசைவுதான் இல்லை. சேலையை விலக்கினாள். குழந்தையின் உதடு நாவற்பழ நிறத்தில் இருந்தது.

பிரசவ விடுதிக்கு எப்படி ஓடினாள் என்று அவளுக்கு நினைவில்லை. செருப்பு ஒன்று தெருவிலேயே கிடந்ததை அங்கம்மா பிறகு எடுத்துவந்தாள். ஞானம்மாள் சாப்பாட்டுக் கையோடு ஓடிவந்து குழந்தையைக் குப்புறப் பிடித்து முதுகைத் தேய்த்தாள், உள்ளங்காலைச் சுண்டினாள், ஒரு தடவை, இரண்டு தடவை. மூன்றாவது சுண்டலுக்கு அது பூனைக்குட்டி மாதிரி கத்தியது. ஞானம்மாள் அதை நிமிர்த்திப் பேபியிடம் நீட்டினாள்.

"இந்த தபா எழுந்துச்சு. அடுத்த தபாவுக்கு நான் கேரண்டி இல்ல பேபி."

பேபி அழவில்லை. குழந்தையை உள்ளே போட்டுக் கட்டிக்கொண்டு, ஒற்றைச் செருப்பையும் கழற்றி எறிந்துவிட்டு, பின்பக்கக் கட்டடத்துக்கு நடந்தாள். வேம்புலி பின்னால் வந்து சேர்ந்தபோது அவள் இயக்குநரின் அறைக்குள்ளேயே நின்றிருந்தாள்.

பேராசிரியர் கலியமூர்த்தி உட்காரச் சொன்னார். அவள் உட்காரவில்லை. முழுக் கதையையும் நின்றபடியே சொன்னாள். அவர் கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். கேட்டு முடித்ததும், "தவறு நடந்திருக்கிறது என்று எனக்கு இரண்டு வாரமாகவே தெரியும்" என்றார்.

வேம்புலிக்கு ஆச்சரியம். "தெரிஞ்சா மாத்தலாமே சார்!"

"தம்பி, நான் ஒரு கேள்வி கேட்கிறேன். இந்த வட்டாரத்தில் சிசுக்களின் சராசரி எடை போன மாதம் வரை என்ன தெரியுமா? இரண்டரைக் கிலோ. வெளியே சொல்ல முடியுமா? வெட்கக்கேடு. உன் மனைவி பட்டியலில் சேர்ந்த பிறகு முப்பது சிசுக்களின் சராசரி நாலு கிலோவாகிவிட்டது. ஊட்டக்குறைவு என்று ஒன்று கொரட்டூரில் இப்போது இல்லை. இத்தாலியிலிருந்து பாராட்டுக் கடிதம் வந்திருக்கிறது. திட்டத்தை இன்னும் ஐந்து வருஷம் நீட்டுகிறார்கள். நாற்பது பேருக்கு வேலை. இப்போது நான் கோடு போட்டு மாற்றினால் என்ன ஆகும்? உன் ஒரு குழந்தைக்காக ஊர்க் குழந்தைகள் எல்லாவற்றையும் இளைக்கச் சொல்கிறாயா?"

அவர் குரலில் கோபம் இல்லை. நியாயமாகப் பேசுகிறவரின் வருத்தம்தான் இருந்தது.

பேபி குழந்தையின் தலைமேல் சேலையை இழுத்துவிட்டாள். பிறகு, "அப்ப நான் செத்துட்டேன்னு எழுதிக்கோங்க" என்றாள்.

"தா, இன்னா பேசறே!" என்றான் வேம்புலி.

"சும்மா இருய்யா. சார், அந்த நாப்பத்தெட்டுக் கிலோ பேபி செத்துப்போச்சுன்னு எழுதுங்க. நான் கையெழுத்துப் போடறேன். அந்த எடத்துல இத்த சேத்துக்கோங்க. பொட்டி ஒண்ணு குடுத்தாப் போதும். எனக்குப் பேரும் வேணாம், ஒண்ணும் வேணாம்."

கலியமூர்த்தி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். ஒரு கணம் மனம் இளகிவிட்டாரோ என்று தோன்றியது. உண்மையில் மனக்கணக்குப் போட்டுக்கொண்டிருந்தார்.

"முப்பதில் ஒன்று இறந்தால் ஆயிரத்துக்கு முப்பத்துமூன்று. நாம் அறிக்கையில் பூஜ்யம் என்று கொடுத்திருக்கிறோம். இல்லையம்மா. உன்னைச் சாக அனுமதிக்க எனக்கு அதிகாரம் இல்லை" என்றார். பிறகு ஆறுதலாகச் சேர்த்தார். "தை மாதம் ஐந்தாம் தேதி விழா. இத்தாலியிலிருந்து டாக்டர் ஒர்னெல்லா அம்மையார் உன்னைப் பார்க்கவே வருகிறார். நல்ல சேலையாகக் கட்டிக்கொண்டு வா."

அன்று முதல் விழா வரை அவர்கள் வீட்டில் யாரும் சேர்ந்தாற்போல் ஒரு மணி நேரம் தூங்கவில்லை. பேபி, வேம்புலி, அங்கம்மா என்று முறைபோட்டுக்கொண்டு மூன்று மார்பு மாறி மாறிக் குழந்தை கிடந்தது. பால் சங்கில் சொட்டுச் சொட்டாகப் போயிற்று. பொங்கலுக்கு வீட்டில் பொங்கல் வைத்தார்கள், ஆனால் யார் சாப்பிட்டார்கள் என்று யாருக்கும் ஞாபகமில்லை. பொங்கல் கழிந்த மறுநாள் ஞானம்மாள் குழந்தையைத் தராசில் போட்டாள். ஊசியைப் பார்த்தாள், தராசைத் தட்டிவிட்டு மறுபடி பார்த்தாள்.

"ரெண்டு கிலோ நூறு" என்றாள்.

விழாவன்று நடுவத்தின் முன்னால் பந்தல், வாழைமரம், ஒலிபெருக்கி. மேடையில் அந்த இரும்புத் தொட்டிலைக் கொண்டுவந்து தொங்கவிட்டிருந்தார்கள். பேபி அதில் உட்கார வேண்டும் என்பது ஏற்பாடு. அவள் மாட்டேன் என்று சொல்ல நினைத்தாள். ஆனால் நாற்பது நாள் நடந்த கால் தானாகவே போய் உட்கார்ந்துவிட்டது. சேலைக்குள் குழந்தை தூங்கியது. வெளியே பார்த்தால் ஒன்றும் தெரியாது.

கலியமூர்த்தி ஒலிபெருக்கியைப் பிடித்தார். "இத்தாலியில் ஒரு சிசு மூன்றரைக் கிலோ. நம் சிசு நாற்பத்தெட்டு. இதற்குக் காரணம் இந்த நடுவம்தான் என்று நான் சொல்ல மாட்டேன். என்னைப் பற்றி நானே சொல்வது அழகல்ல. இந்த நடுவம் வருவதற்கு முன்னும் இங்கே குழந்தைகள் பிறந்தன. ஆனால் யாரும் எழுதிவைக்கவில்லை. எழுதாத குழந்தை பிறந்தது என்பதற்கு என்ன ஆதாரம்? ஆகவே கொரட்டூரில் குழந்தைகள் பிறக்கத் தொடங்கியதே போன மே மாதம்தான் என்று நான் துணிந்து கூறுவேன்!"

கைதட்டல் ஒலித்தது. அந்தச் சத்தத்தில் குழந்தை விழித்துக்கொண்டு அழுதது. இப்போது அதன் அழுகை நன்றாகவே கேட்டது. ஒலிபெருக்கி அதை வாங்கி ஏரி வரைக்கும் கொண்டுபோயிற்று.

முன்வரிசையிலிருந்து ஒரு வெள்ளைக்கார அம்மாள் எழுந்தாள். நரைத்த முடி, பருத்திக் கவுன். அவள்தான் டாக்டர் ஒர்னெல்லா. நேராக மேடையேறி வந்து, பேபியிடம் கையால் அனுமதி கேட்டு, சேலையை விலக்கிப் பார்த்தாள். பிறகு மடமடவென்று கேள்வி கேட்கத் தொடங்கினாள்.

மொழிபெயர்க்க அப்பாவு வந்திருந்தார். ஓர் இத்தாலியப் பாதிரியாரிடம் இருபது வருஷம் சமையல் செய்தவர். அவருக்குத் தெரிந்த இத்தாலிய மொழி பெரும்பாலும் சமையலறையைத் தாண்டாது.

"எப்பப் பொறந்துது, எம்மாம் எடைன்னு கேக்கறாங்க."

"எட்டாம் மாசம். ஒண்ணு அறுநூறு."

"எந்த அடுப்புல வெச்சீங்கன்னு கேக்கறாங்க."

"அடுப்பா?"

"அதாம்மா, சூட்டுக்கு. எந்தப் பொட்டியில?"

"பொட்டி குடுக்கலீங்க. நானும் எங்க ஊட்டுக்காரரும் நாத்தனாரும் மார்லயே வெச்சிக்கினு நடந்தோம். நாப்பது நாளா."

அப்பாவு சொன்னார். எப்படிச் சொன்னாரோ, அந்த அம்மாளுக்குப் புரிந்துவிட்டது. பேபியின் கழுத்துக்குக் கீழே உள்ளங்கையை வைத்துப் பார்த்தாள். கண் நிறைந்தது. ஏதோ சொன்னாள்.

"மூணு பொட்டி கப்பல்ல அனுப்புனோம், இங்க ஒண்ணு நடந்தே வந்திருக்குன்றாங்க" என்றார் அப்பாவு.

பேபிக்கு முதன்முறையாக அழுகை வந்தது. நாற்பது நாளில் கேட்டவர் யாரும் இல்லை. கடல் தாண்டி வந்த ஒருத்தி கேட்டுவிட்டாள்.

ஆனால் அந்த வார்த்தை கலியமூர்த்தியின் காதிலும் விழுந்துவிட்டது. ஒலிபெருக்கியை அவர் விடவே இல்லை. "அன்பர்களே! இதை இறுதியில் அறிவிப்பதாக இருந்தோம். நமது நடுவத்தின் நான்காவது பெட்டி இதுதான்! முற்றிலும் உள்ளூர்த் தயாரிப்பு!"

மறுபடியும் கைதட்டல். ஒர்னெல்லா உற்சாகமாக இன்னும் ஏதோ சொன்னாள். அப்பாவு தயங்கினார். "ஒரு மாசம் இங்கியே தங்கணுமாம்மா. சூட்டை மணிக்கு ஒரு தபா அளக்கணுமாம். இத்தாலியில புத்தகம் போடுவாங்களாம்."

பேபி அந்த அம்மாளின் முகத்தைப் பார்த்தாள். அன்பு அப்படியேதான் இருந்தது. கூடவே இன்னொன்றும் இருந்தது. கண்ணாடி போட்ட அந்தப் பையன் வரைபடத்தில் கோடு போட்டபோது முகத்தில் இருந்ததே, அது.

விருந்து தொடங்குவதற்குள் வசந்தகுமாரி பேரேட்டோடு வந்துவிட்டாள். இது சிசுப் பேரேடு இல்லை, தளவாடப் பேரேடு. "நல்ல சேதி பேபி! சிசுப் பட்டியல்லேருந்து உங்களை எடுத்தாச்சு. சார் கையெழுத்தே போட்டுட்டார். பெட்டியா சேர்த்துட்டோம்" என்று உண்மையான சந்தோஷத்தோடு சொல்லி, அவள் தோளில் சின்னத் தாள் ஒன்றை ஒட்டினாள். 'வெப்பப் பெட்டி, எண் 4.'

"கொழந்தைய எழுதினீங்களா?"

"அதுக்கு முதல்ல பெட்டி வேலை செய்யுதுன்னு சான்று வரணும். ஆறு வாரம் ஆகும்."

பேபி எழுந்தாள். வேம்புலி கூட்டத்தில் அந்தத் தொட்டிலின் சங்கிலியை யாருக்கோ விளக்கிக்கொண்டிருந்தான். அவனுக்குக்கூடச் சொல்லாமல் பந்தலை விட்டு வெளியே வந்து வாசல் கேட்டை நோக்கி நடந்தாள்.

கேட்டில் கோவிந்தன் இருந்தான். எஸ்டேட்டில் வாட்ச்மேனாக இருந்து இங்கே வந்தவன், அவளுக்கு முகப் பழக்கம். தோளில் இருந்த தாளைப் பார்த்ததும் சங்கடப்பட்டான்.

"இன்னாம்மே, எண் போட்டுட்டாங்களா? எண் போட்ட சாமான் வெளிய போவணும்னா பாஸ் எழுதணுமே. இல்லன்னா என் வேலை பூடும்."

"எழுது."

அவன் சீட்டுப் புத்தகத்தைத் திறந்தான். "சாமான், வெப்பப் பொட்டி, ஒண்ணு. எடுத்துக்கினு போறவங்க பேரு? பொட்டி தானா போவக்கூடாது, சட்டம்."

பேபி சேலைக்குள் பார்த்தாள். குழந்தை அவள் ஜாக்கெட்டை முஷ்டியால் பிடித்துக்கொண்டிருந்தது. கெட்டியான பிடி. நாற்பது நாளாக அதற்குப் பெயர் வைக்க யாருக்கும் துணிச்சல் வரவில்லை. வைத்துவிட்டு அப்புறம் ஏதாவது ஆகிவிட்டால் என்ற பயம்.

"லோகநாயகி" என்றாள்.

"யாரு அது?"

"இதோ, என்னைப் புடிச்சிக்கினு கீது பாரு. இதுதான் என்னை எடுத்துக்கினு போவுது. வே. லோகநாயகி. கால் போட்டு, கொம்பு போட்டு முழுசா எழுது. சுருக்காத."

கோவிந்தன் சுற்றும் முற்றும் பார்த்தான். பிறகு நாக்கைக் கடித்துக்கொண்டு எழுத்துக் கூட்டி எழுதினான். எடுத்துச் செல்பவர்: வே. லோகநாயகி. கீழே கையெழுத்துக் கட்டத்துக்கு வந்ததும் மசித் திண்டை நீட்டினான். பேபி அந்த முஷ்டியை மெல்லப் பிரித்து, வேர்க்கடலை அளவு கட்டைவிரலை மசியில் தொட்டுத் தாளில் பதித்தாள். கறுப்பாக ஒரு பொட்டு விழுந்தது. அது ரேகையோடு தெளிவாக இருந்தது.

"திரும்பக் கொண்டாந்து வெக்கற தேதி?" என்றான் கோவிந்தன்.

அவள் பாதி ரோட்டைத் தாண்டியிருந்தாள். கையில் பாஸின் நகல். பின்னால் வேம்புலி அவள் பெயரைக் கத்திக்கொண்டு ஓடி வந்தான்.